தோற்றுப் போனதற்கு ஒரு என்கொயரி

போன மாதம் மில் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ரிடையர் ஆகி இத்தனை வருஷம் கழித்தும் கால் அந்தப் பக்கம்தான் போகிறது. ஷிப்ட் முடிந்து வந்த இளவட்டங்கள் ஒரு செல்போனைச் சுற்றி நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கோ வெளிநாட்டில் ஒரு குத்துச்சண்டைச் சாம்பியன், யாருமே பேர் கேள்விப்படாத ஒருவனிடம் தோற்றுவிட்டானாம்.

"காசு வாங்கிட்டாம்லே. மூஞ்சப் பாத்தாலே தெரியுதுல்லா" என்றான் ஒருவன். வயசாகிவிட்டது என்றான் இன்னொருவன். பெண்டாட்டியோடு சண்டை, அதுதான் காரணம் என்றான் மூன்றாமவன். கூட இருந்து சோறு ஊட்டியவன் மாதிரி அவ்வளவு உறுதி.

அத்தனை பேர் கழுத்திலும் நூலில் கோத்த காதடைப்பான் தொங்கியது. இப்போது மில்லில் அது கட்டாயம். கேட்டைத் தாண்டியதும் முதல் வேலையாகப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். "காதுக்குள்ள கட்டெறும்பு போன மாதிரி இருக்கு பெரியப்பா" என்று என்னிடம் புகார் வேறு.

"நீங்க சொல்லுங்க பெரியப்பா, அவன் எதுக்குத் தோத்தான்?" என்று கேட்டார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

டி.வி.யில் பார்த்ததற்கெல்லாம் கருத்துச் சொல்கிற கிழவன் இதற்கு மட்டும் ஏன் பின்வாங்குகிறான் என்று அவர்களுக்கு ஆச்சரியம். ஒருவன் ஏன் தோற்றான் என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை நான் எண்பதுகளிலேயே விட்டவன். தோற்றுப் போனதற்காக ஒருவனுக்கு சார்ஜ் ஷீட் கொடுத்து, உட்கார வைத்து விசாரித்தது இதே மில்லில்தான். அந்த விசாரணையை எழுதியவன் நான். ஒரு டீ நேரத்தில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வேலை பார்த்தது ராஜபாளையத்தில். காலையில் பஸ் ஏறி மாலையில் பஸ் இறங்கியே ஆயுசில் பாதி போயிற்று. பள்ளிக்கூடத்தை முடித்து, டைப்ரைட்டிங் படித்து, தெரிந்தவர் ஒருவர் சொல்லி டைம் ஆபீஸில் சேர்ந்தேன். யார் வந்தார், யார் வரவில்லை என்று குறிக்கிற வேலை. திட்டு வாங்கித்தான் தொழில் படித்தேன். அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பிறகு மேனேஜர் ஜெகநாதராஜா தன் என்கொயரிகளை எழுத என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். கையெழுத்து அழகு என்பதற்காக அல்ல. "மத்தவங்க சொன்னதோட நெனச்சதையும் சேத்து எழுதறாங்க. நீங்க சொன்னத மட்டும் எழுதறீங்க" என்றார். என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அதுதான்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ். கூட்டல் கழித்தல் மட்டும் எங்கே இருந்தாலும் தெலுங்கில்தான். கடைசித் தொழிலாளியையும் 'நீங்க' என்று கூப்பிட்ட அதிகாரி எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். விசாரணைக்கு வந்தவனை நிற்க வைக்க மாட்டார். "நிக்கிறவனுக்கு எப்ப வெளிய போவோம்ங்கிற நெனப்புதான் இருக்கும். அவங்கிட்ட என்ன உண்மை வரும்?" என்பார். நாற்காலி போடச் சொல்வார். முதலில் ஒரு டம்ளர் மோர் வரும். அதைக் குடித்து முடிக்கிறவரை கேள்வி கிடையாது.

பிறகு ஒரு கேள்வி கேட்பார். நான் எழுதுவேன். பதில் வரும், அதையும் எழுதுவேன். எழுதியதை நான் வாசித்துக் காட்டியபின்தான் அடுத்த கேள்வி. தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட வேண்டும், அடியில் இருந்தது என்னவென்று தெரிய வேண்டும், ஏன் அடித்தோம் என்று கீழே ஒரு வரி எழுதி எல்லோரும் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் அவர் யாருக்காகவும் வளைந்துகொடுத்து நான் பார்த்ததில்லை.

பஞ்சுத் தூசி அவருக்கு ஆகாது. இழுப்பு நோய். மில்லுக்குள் கால் வைத்தவுடன் வெள்ளைக் கைக்குட்டை மூக்கையும் வாயையும் மூடிவிடும். போதாததற்கு மெல்லிய குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் கீழே போகும். கண் கூசும் என்று எப்போதும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். எதிரே இருப்பவனுக்கு வெளிச்சத்தின் நடுவே ஒரு கறுத்த உருவமும் ஒரு கைக்குட்டையும்தான் தெரியும். எனக்கு அது பழகிப் போயிருந்தது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நூற்கிற மெஷின்கள் ஓடும் ஸ்பின்னிங் பகுதிக்குள் போய்விட்டால் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. அங்கே எல்லாம் கையாலும் வாயசைப்பாலும்தான். மூக்குக்குக் கீழே மீசையை இழுத்துக் காட்டினால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். உள்ளங்கையை விரித்து உயர்த்தினால் நிறுத்து. கையால் வாயைப் பொத்திக் காட்டினால் எங்கள் மேனேஜர் வருகிறார் என்று அர்த்தம், அவர் கைக்குட்டையைச் சொல்லி. அதிகாரி யாராவது வந்து ஏதாவது சொன்னால் பாதி காதில் விழாது. திரும்பக் கேட்டால் எரிந்து விழுவார்கள். அதனால் 'ஆமா சார்' என்று தலையாட்டிவிட்டு, அவர் போனபிறகு பக்கத்து ஆளிடம் 'என்னவாம்?' என்று சைகையில் கேட்டுக்கொள்வார்கள். மில்லில் இது தெரியாத ஆள் கிடையாது. தெரிந்தும் அந்த விசாரணை அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

கருப்பையா அந்த ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்தவன். மம்சாபுரத்துப் பையன். பள்ளிக்கூடம் முடிக்காமலே மில்லுக்கு வந்து, பல வருஷம் ஆகியும் டெம்பரவரியாகவே இருந்தான். தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. எங்கள் மில் மைதானத்தில் சாக்கை விரித்து, கழிவுப் பஞ்சை அடைத்து ஒரு குத்துச்சண்டை மேடை போட்டிருந்தோம். அதில் வைத்து அவனை வென்றவன் கிடையாது. அங்கே நடுவர் எங்கள் மேஸ்திரி ஒருவர்தான். 'விலகு' என்றால் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார், 'நிறுத்து' என்றால் உள்ளங்கையை மூக்குக்கு நேரே நீட்டுவார். மெஷின் ஓட்டிய பழக்கம். ரவுண்டு முடிந்தால் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடிப்பார்கள், கூடவே நாலைந்து பேர் துண்டை வீசுவார்கள்.

அந்த வருஷம் மாவட்டப் போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. ஜெயித்து வந்தால் கருப்பையாவை பெர்மனெண்ட் ஆக்குவதாக மில்லில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. எதிராளி யாகூப், எங்கள் ஊர்க்காரன். பால்கோவாக் கடையில் விறகடுப்புக்கு முன்னால் நின்று நாள் முழுக்கப் பாலைக் கிண்டுகிற வேலை. "கோவா கிண்டுத பயலா நம்ம ஆள அடிக்கப் போறான்?" என்று மில்லில் இருந்து இரண்டு லாரி நிறைய ஆள் வந்திருந்தார்கள். நான் சொந்த ஊரில் மில்காரர்களோடு உட்கார்ந்து மில்லுக்காகக் கை தட்டினேன். வீட்டில் அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு விஷயம்.

முதல் ரவுண்டில் கருப்பையா வெளுத்து வாங்கினான். நடுவர் வெளியூர்க்காரர், குத்துச்சண்டை விதிகளை முறையாகப் படித்தவர். இருவரும் கட்டிக்கொண்டால் பின்னால் நின்று 'பிரேக்' என்று வாயால் சொல்வார். விலகி ஓர் அடி பின்னால் போக வேண்டும். யாகூப் போனான், கருப்பையா போகவில்லை. மேலும் இரண்டு குத்து விட்டான். மணி அடித்த பிறகும் ஒன்று விட்டான். நடுவர் எச்சரிக்கை கொடுத்தார். இரண்டாம் ரவுண்டிலும் அதே கதை, இன்னொரு எச்சரிக்கை. கூட்டம் கூச்சல் போட்டது. மூன்றாவது எச்சரிக்கை வந்தால் வெளியேற்றிவிடுவார்கள்.

மூன்றாம் ரவுண்டில்தான் யாருக்கும் புரியாத காரியம் நடந்தது. கருப்பையா எதிராளியைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பி நடுவரையே பார்த்தான். ஒரு தடவை முழு முகத்தையும் நடுவர் பக்கம் திருப்பினான். யாகூப் தாடையில் இறக்கினான். கருப்பையா விழுந்தான். எட்டு எண்ணுவதற்குள் எழுந்துவிட்டான், ஆனால் அதற்குப் பிறகு கை தூக்கவே இல்லை. புள்ளிக் கணக்கில் யாகூப் ஜெயித்தான்.

லாரி திரும்பிப் போகும்போதே ஆரம்பித்துவிட்டது பேச்சு. புது மாப்பிள்ளை, உடம்பில் என்ன இருக்கும் என்றார்கள். ஊர்க் கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். அந்த ஊர் மண்ணில் கால் வைத்ததும் ஆண்டாளைக் கும்பிடாமல் மேடை ஏறினான், அதுதான் என்றார் ஒருவர். நடுவர் ஓரவஞ்சனை என்றார் இன்னொருவர். இரண்டே நாளில் இதெல்லாம் உதிர்ந்துபோய் ஒன்று மட்டும் மிஞ்சியது: காசு வாங்கிவிட்டான். "நடுவரப் பாத்துச் சாடை காட்டுனாம்லே. நாந்தான் பக்கத்துல நின்னு பாத்தேனே. மூஞ்சியத் திருப்பிக் குடுத்தாம்லே!" என்று பார்த்தவன், பார்க்காதவன் எல்லோரும் சாட்சி சொன்னார்கள். கருப்பையா வாயே திறக்கவில்லை. வாயைத் திறக்காதவன் குற்றவாளி என்பது நம் ஊர்ச் சட்டம்.

முதலாளி வீட்டுக்கும் செய்தி போயிற்று. விருந்தாளிகளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மானம் போயிற்று. உடனே அவனை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி வாய்மொழியாக உத்தரவு வந்தது. ஜெகநாதராஜா, "விசாரிக்காம ஒரு துப்புரவுத் தொழிலாளியக்கூட நான் நிறுத்துனதில்ல" என்று சொல்லிவிட்டு சார்ஜ் ஷீட் போட்டார். மில்லின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தது குற்றம்.

விசாரணை நாளில் கருப்பையா நாற்காலி நுனியில் உட்கார்ந்து மோரைக் குடித்தான். தாடையில் வீக்கம் வற்றவில்லை. மேனேஜர் வழக்கம்போல ஜன்னலுக்கு முதுகு, வாயில் கைக்குட்டை. மெதுவாகக் கேட்டார்.

"போட்டிக்கு முன்னால உங்கள யாராவது வந்து பாத்தாங்களா?"

"ஆமா சார்."

எழுதினேன். தலையைக் குனிந்தபடி வாசித்தேன்.

"தோத்துக் கொடுக்கச் சொன்னாங்களா?"

"ஆமா சார்."

"பணம் வாங்கினீங்களா?"

"ஆமா சார்."

ஒவ்வொன்றையும் எழுதி வாசித்தேன். வாசித்து முடித்து, "இது சரியா?" என்று கேட்பது முறை. அதற்கும் "ஆமா சார்" என்றான். ஆள் அழவில்லை, கெஞ்சவில்லை, ஏதோ சினிமா டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பவன் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தான். ஜெகநாதராஜா, "சரே" என்று தெலுங்கில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, "நாளை மறுநாள் திரும்ப உட்காருவோம். இவ்வளவு சுலபமா ஒத்துக்கிற ஆள எனக்குப் பிடிக்கல" என்றார். நான் நிம்மதியாக இல்லை. எழுதியது எழுதியதுதான். இன்னும் இரண்டு நாளில் அவன் வெளியே.

அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் கருப்பையாவின் மனைவி பேச்சியம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். பேண்டேஜ் கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை அவளுக்கு. முந்தானையில் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, அவிய காசு வாங்குத ஆளு இல்ல. ஒத்தச் சல்லி வீட்டுக்கு வரல. வந்தா எனக்குத் தெரியாதா?"

"அவனே ஒத்துக்கிட்டான்மா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

அவள் அப்படியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எதற்கோ பதில் சொல்வது மாதிரிப் பேசினாள். "அவியளுக்கு எம்மேலதான் என்னமோ வருத்தம் அண்ணாச்சி. கூப்ட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாவ. அடுப்படியில இருந்து எம்புட்டு நேரம் கூப்பிடுதேன், செவரு மாதிரி உக்காந்திருப்பாவ. மூஞ்சிக்கு நேரே போயி நின்னாத்தான் ஒரு வார்த்த. பிடிக்காம கட்டிட்டாவளோ என்னமோ. அந்த வெறுப்புலதான் எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிட்டு வந்திருப்பாவ."

புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் வீட்டில் நடக்கிற சில்லறைச் சண்டை என்று நினைத்து, "எல்லாம் சரியாப் போகும்மா" என்று சொல்லி பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினால் அங்கே யாகூப் நிற்கிறான். நான் அந்த பஸ்ஸில்தான் வருவேன் என்பது ஊருக்கே தெரியும். கையில் கோவா கிண்டிய சூட்டுத் தழும்பு, முகத்தில் அதைவிடச் சூடு.

"அண்ணாச்சி, உங்க மில்லுல என்னய்யா நடக்கு? நான் காசு குடுத்து ஜெயிச்சேன்னு ஊரெல்லாம் பேசுதாக. பள்ளிவாசல்ல வச்சு எங்க அத்தாகிட்டயே ஒருத்தர் கேட்டுட்டாரு. வாழ்க்கையில ஒரே ஒரு தடவ ஜெயிச்சிருக்கேன், அதையும் பிடுங்கப் பாக்கீகளா?"

"கருப்பையாவே ஒத்துக்கிட்டானப்பா."

"பொய்! அவன் பொய் சொல்லுதான். எங்க வந்து சொல்லணும்? சொல்லுங்க, நான் வாரேன்."

தோற்றவனுக்காக ஜெயித்தவன் சாட்சி சொல்ல வந்தான் என்று பிற்பாடு ஊரில் உருகி உருகிப் பேசினார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அவன் தன் வெற்றியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வந்தான். அதனால்தான் அவன் சாட்சி அவ்வளவு சுத்தமாக இருந்தது.

விசாரணையின் இரண்டாம் நாள் யாகூபுக்கும் ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் மோர். மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கேள்விக்குக் காத்திராமல் ஆரம்பித்தான்.

"சார், நான் இவனுக்கு வக்காலத்து வாங்க வரல. எனக்காக வந்திருக்கேன். நான் அடிச்சு ஜெயிச்சேன் சார், குடுத்து ஜெயிக்கல."

"அவர் வேணும்னே முகத்தத் திருப்பலன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் மேனேஜர்.

"தோக்கணும்னு வந்தவன் மணி அடிச்ச பொறவும் எதுக்கு சார் அடிக்கான்? மொத ரவுண்டு முடிஞ்சு நான் கைய எறக்கிட்டேன். நெஞ்சுல ஒண்ணு விட்டான் பாருங்க, இன்னும் இருமுனா வலிக்கி. 'ஏலே, மணி அடிச்சாச்சுலே'ன்னு கத்துனேன். ரெப்ரி பின்னால நின்னு 'பிரேக், பிரேக்'னு தொண்ட கிழியக் கத்துதாரு. இவன் பாட்டுக்கு வெளுக்கான். காசு வாங்குனவன் செய்யுத காரியமா சார் இது? காசு வாங்குனவன் மொத ஆளா வெலகிருவாம்லா!"

நான் எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தினேன். அடுத்த கேள்வி வரவில்லை. ஜெகநாதராஜா யாகூபைப் பார்க்கவில்லை, கருப்பையாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பையா யாகூபின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் அதே கைக்குட்டைக்குப் பின்னால் இருந்து, அதே மெல்லிய குரலில் கேட்டார். "உங்க பேரு வெள்ளைச்சாமிதானே?"

யாகூபின் பார்வை மேனேஜர் பக்கம் போனதைக் கண்டு கருப்பையா சட்டென்று அவர் பக்கம் திரும்பினான். "ஆமா சார்."

நான் பேனாவை நிறுத்திவிட்டேன்.

"எழுதுங்க" என்றார் என்னிடம். எழுதினேன். அவர் தொடர்ந்தார். "போன வாரம் இந்த மில்ல நீங்கதான் வெலைக்கு வாங்கினீங்க. அப்படித்தானே?"

"ஆமா சார்."

யாகூபுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பேச்சியம்மா சொன்னதெல்லாம் அப்போதுதான் என் மரமண்டைக்குள் இறங்கியது.

ஜெகநாதராஜா எழுந்தார். தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரிப் போட்டு, கருப்பையாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மில்லுக்குள் அவருடைய வாயை நான் பார்த்தது அன்றைக்குத்தான். மேலுதட்டில் ஒரு மெல்லிய மீசை இருந்தது.

"கருப்பையா, காசு வாங்கினீங்களா?"

"யாத்தாடி!" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "யாரு சார் சொன்னது? எங்க ஆத்தா மேல சத்தியமா இல்ல சார்!"

"உக்காருங்க. கடைசி ரவுண்டுல எதுக்கு முகத்தத் திருப்பினீங்க?"

"ரெப்ரி வாயப் பாத்தேன் சார். ரெண்டு தடவ எச்சரிக்க ஆயிப்போச்சு. நம்ம மேஸ்திரி மாதிரி அவரு கையக் காட்ட மாட்டேங்காரு, வாயாலதான் சொல்லுதாரு. எப்பச் சொல்லுதாருன்னு தெரியாம அவரையே பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள இந்தப் பய விட்டுட்டான். எந்திரிச்ச பொறவு, மூணாவது எச்சரிக்க வந்துருமோன்னு கையத் தூக்கவே பயம் சார்."

"அன்னைக்கு நான் கேட்டதுக்கெல்லாம் ஆமா ஆமான்னீங்களே?"

கருப்பையா தலையைச் சொறிந்தான். "நீங்க நல்ல மனுசர் சார். கெட்டதா எதுவும் கேக்க மாட்டீகன்னு நெனச்சேன். மோர் வேற குடுத்தீக."

ஜெகநாதராஜாவுக்கு இருமல் வந்துவிட்டது. தூசி ஏறிவிட்டது போல. கை சட்டைப் பைக்குப் போய் கைக்குட்டையைத் தொட்டுவிட்டு, எடுக்காமலே திரும்பி வந்தது.

கொஞ்ச நாளாகவே அவன் காது மந்தமாக இருந்திருக்கிறது. மில்லுக்குள் எல்லோரும் கையால் பேசுவதால் அவனுக்கே வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. வெளியே தெரிந்தபோது பயந்துவிட்டான். காது கேட்காது என்று சொன்னால் டெம்பரவரி வேலையும் போய்விடும், அப்புறம் பெர்மனெண்ட் எங்கே என்று மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறான். ஊர் முழுக்க அவனைத் திட்டியது பாதி அவனுக்குக் கேட்கவே இல்லை. அது ஒரு புண்ணியம்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எழுந்து போயிற்று. ஆனால் மேனேஜர் விடவில்லை. முறை முறைதான். முதல் நாள் எழுதிய ஒவ்வொரு 'ஆமா'வுக்கும் ஒற்றைக் கோடு போட்டேன். ஒவ்வொன்றின் கீழும் 'கேள்வி காதில் விழாமல் சொன்ன பதில்' என்று எழுதினேன். எல்லோரும் சின்னக் கையெழுத்துப் போட்டோம். வெள்ளைச்சாமிக்கும் கோடு போட்டேன். மில்லை விலைக்கு வாங்கியதற்கும் போட்டேன்.

கேட்டுக்கு வெளியே பேச்சியம்மா நின்றிருந்தாள். கருப்பையாவை வைத்துக்கொண்டே அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். வேலை போகுமா, காது சரியாகுமா, இதையெல்லாம் கேட்பாள் என்று பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப எம்மேல வெறுப்பு ஒண்ணும் இல்லையா அண்ணாச்சி?"

"கூப்ட்டது கேக்கலம்மா, அம்புட்டுத்தான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு நேரே போய் நின்றாள். "ஏன், சொல்லித் தொலச்சா என்ன?" என்று ஒரு அதட்டல் போட்டாள். அது அவனுக்கு நன்றாகவே கேட்டது. அவன் சிரித்தான்.

வேலை விஷயம் அவ்வளவு லேசில் முடியவில்லை. காசு வாங்காவிட்டால் என்ன, காது கேட்காதவனை மில்லில் எப்படி வைப்பது என்று மேலே இருந்து அடுத்த கேள்வி வந்தது. ஜெகநாதராஜா நேரில் போனார். உள்ளே என்ன நடந்தது என்று எனக்கு முழுக்கத் தெரியாது. வெளியே வந்து என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "பையன் காதோடதான் வந்தான். இங்கதான் போச்சு. போன எடத்துலதான கேக்க முடியும்னு சொன்னேன்." மதுரையில் காது டாக்டரிடம் காட்டினார்கள். ஒரு காதில் எப்போதோ வாங்கிய குத்தில் சவ்வு கிழிந்திருந்தது, ஆபரேஷன் செய்து ஓரளவு சரியாயிற்று. இன்னொன்று மெஷின் சத்தத்தில் போனது, அது போனதுதான். இனிமேல் மேடை ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜெயித்து அடுத்த போட்டிக்குப் போய் இன்னும் ஒரே ஒரு நல்ல குத்து வாங்கியிருந்தால் சவ்வு கிழிந்த காதும் மிஞ்சியிருக்காதாம். ஆக, தோற்றதுதான் அவனைக் காப்பாற்றியது.

ஸ்பின்னிங்கில் இருந்து எடுத்து, சத்தமில்லாத நூல் கோடவுனில் அவனைப் போட்டார்கள். பெர்மனெண்ட். தொண்ணூறுகளில் ஜெகநாதராஜா ரிடையர் ஆகிறவரை, ஸ்பின்னிங் ஆட்களை விசாரிக்கும்போது அவர் நாற்காலி ஜன்னலைப் பார்த்தே இருந்தது. கைக்குட்டை பையில் இருந்தது. விசாரணை முடிந்ததும் வெளியே போய் அரை மணி நேரம் இருமுவார்.

பெர்மனெண்ட் ஆர்டரைக் கருப்பையா கையில் கொடுத்த அன்று கோடவுன் வாசலில் யாகூப் வந்து நின்றான். கையில் பால்கோவாப் பொட்டலம். முகத்தில் மறுபடியும் கோபம்.

"இப்ப என்னப்பா?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல அண்ணாச்சி. மொதல்ல காசு குடுத்து ஜெயிச்சேன்னாக. இப்ப என்னடான்னா காது கேக்காதவன அடிச்சு ஜெயிச்சேன்னு சொல்லுதாக. எப்படிப் பாத்தாலும் நான் ஜெயிக்கல!" என்று பொட்டலத்தைக் கருப்பையாவின் கையில் திணித்தான். "இந்தா, தின்னு. பெர்மனெண்டுக்கு."

கருப்பையா பொட்டலத்தைப் பிரித்து, ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டான். நிதானமாகத் தின்றான். "ஏலே யாகூபு, மணி கேக்கல. ரெப்ரி கேக்கல. நீ கத்துனதும் கேக்கல. ஒன் குத்து மட்டும் நல்லாக் கேட்டுச்சுலே."

யாகூப் அவனுக்கு நேர் எதிரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டான்.

"அப்ப நான் ஜெயிச்சது, ஜெயிச்சதுதானே?"

கருப்பையா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வார்த்தை வரை பார்த்து முடித்தான்.

"ஆமாலே" என்றான்.

இந்த ஆமாவுக்குக் கீழே எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.